அஞ்சல் என்னும் சொல்

தமிழில் சில சொற்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. முகம் ஒன்றாயிருக்கும், குணம் வேறாயிருக்கும். 'அஞ்சல்' அத்தகைய சொல். தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். ஒருவர் கைக்கோலை மற்றொருவர் வாங்கி ஓடும் ஓட்டத்தையும் நம் நாட்டுப் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் அஞ்சலோட்டம் என்றே அழைக்கிறோம். பழந்தமிழிலோ 'அஞ்சல்' என்றால் 'அஞ்சாதே' என்று பொருள். இம்மூன்று பொருளும் ஒரே நாளில், ஒரே கடற்கரையில் நமக்கு விளங்கிய கதையை இவ்வாரம் வாசக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை. ஹட்டன் ரயில் நிலையத்துக்கு அணித்தான தேநீர்க் கடையொன்றில் மூவர் அமர்ந்திருந்தோம். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் வங்கி உத்தியோகத்தர். பெயர்களைச் சொன்னால் இருவரும் கோபித்துக்கொள்வார்கள். ஆகையால் தொழிலோடு நிறுத்திக்கொள்கிறோம். மூன்றாமவர், பேனா பிடிப்பதைத் தவிர வேறு தேகப்பயிற்சி அறியாத நாம். மூவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வங்கி நண்பர் தம் கைத்தொலைபேசியில் ஓர் அறிவித்தலைக் காட்டினார். மாசி மாதத்தில், கொழும்புக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் முப்போட்டி நடக்கவிருந்தது. மூவர் சேர்ந்து பங்கெடுக்கும் அஞ்சல் பிரிவும் அதில் உண்டு.

'டிரையத்லன்' என்று உலகம் வழங்கும் இம்முப்போட்டியைப் பற்றி மாணவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் என்னும் மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்வதே இது. இன்றைய வடிவில் இது தொடங்கியது 1974 செப்டெம்பர் 25ஆந் திகதி, அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்து மிஷன் விரிகுடாவில். அன்று கலந்துகொண்டோர் 46 பேர். 1978இல் ஹவாயில் முதலாவது 'அயர்ன்மேன்' பந்தயம் நடந்தபோது 15 பேர் புறப்பட்டு, 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் பந்தயமாயிற்று. ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். எங்களுக்கு வாய்த்தது அதில் சரிபாதி: 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர்.

ஓட்டத்தை வங்கி நண்பர் உடனே கைப்பற்றிக்கொண்டார். அவருடைய பாட்டனார் ஒரு தோட்டத்தில் தப்பால்காரராயிருந்தவர். கித்தான் பையைத் தோளிலிட்டு, தோட்டத்துக் கந்தோரிலிருந்து நகரத்துத் தபாற் கந்தோருக்கும் அங்கிருந்து திரும்பவும் நாள்தோறும் நடந்தவர். "எங்கள் குடும்பத்தில் கால்கள் கடன்படவில்லை" என்று நண்பர் சொல்வதுண்டு. வீட்டில் ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்த காரணத்தால் சைக்கிள் நம் பங்காயிற்று. எஞ்சியிருந்தது நீச்சல். எஞ்சியிருந்த மனிதர் ஆசிரியர்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் நான்தான் நீந்துவேன்" என்றார்.

இதன் கனத்தை உணர, மலையகத்தில் தண்ணீருக்கும் மனிதருக்கும் உள்ள உறவை அறிய வேண்டும். ஆசிரியர் பிறந்தது காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய ஒரு லயத்தில். 1960களில் மின்சாரத்துக்காகக் காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டன. மவுசாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். இத்துணை நீரின் கரையில் வாழ்ந்தும், நீந்தக் கற்றவர்கள் நம்மவர்களில் மிகச் சிலரே. கரை சட்டெனச் சரியும், அடியில் சேறு, நீரோ குளிர். குளிக்கச் சென்ற பிள்ளை திரும்பாத துயரச் செய்தியைத் தோட்டங்களில் கேட்காத தலைமுறை இல்லை. ஆகவே மலையகத் தாய்மார் பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்பிக்கவில்லை. தண்ணீருக்கு அஞ்சக் கற்பித்தார்கள். கற்பிக்க ஆளும் இடமும் இல்லாத ஊரில் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்?

கடலோரத் தமிழரின் கதை வேறு. 1954இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை தந்த குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, நீந்தியே திரும்பினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அவர்கள் படங்களைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததுதான் ஆசிரியருக்குக் கடலோடிருந்த சம்பந்தம். அவர் வகுப்பில் அவருடைய சிறுவயதுத் தோழன் ஒருவனுக்கு அந்தப் புத்தகமும் முடியவில்லை. காசல்ரீ அவனை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆசிரியரின் அன்னையார் மகனை நீர்க்கரைக்கு விட்டதில்லை.

பயிற்சி தொடங்கியது. சனிதோறும் ஆசிரியர் விடியற்காலை பஸ்ஸேறிக் கண்டிக்குச் சென்று, ஒரு நீச்சல் தடாகத்தில் பத்து வயதுப் பிள்ளைகளோடு நின்று பாடம் கேட்டார். முதற்பாடம், தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சை வெளியே விடுவது. கேட்க எளிது. அஞ்சியவனோ மூச்சை இறுகப் பிடித்துக்கொள்வான், தலையைத் தூக்குவான். தலை தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் மனிதன் தாழ்வான். தலையைத் தாழ்த்தி நீரை நம்பியவனையே நீர் தாங்கும். ஐந்தாவது வாரத்திலும் அவரால் 25 மீற்றரை நிற்காமல் கடக்க இயலவில்லை.

நம் பாடும் இலேசாக இல்லை. ஹட்டனிலிருந்து கொட்டகலை வழியாகத் தலவாக்கலை வரை சைக்கிளில் போய்வருவது வார நாட்களின் பழக்கமாயிற்று. டெவன் அருவியும் சென்கிளயர் அருவியும் வழியில் உண்டு; மூச்சு வாங்குபவனுக்கு அருவியைப் பார்ப்பதாகச் சொல்லி நிற்பது கௌரவமான உபாயம். ஞாயிறுகளில் லிந்துலை, நானுஓயா தாண்டி நுவரெலியா வரை ஏறினோம். ஹட்டனிலிருந்து அந்நகரம் ஏறக்குறைய 600 மீற்றர் உயரம் கூடியது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அங்கே காற்றழுத்தம் கடற்கரையிலிருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறையும். தேசாதிபதி வில்லியம் கிரகரி 1873இல் அமைத்த வாவியை ஒருமுறை சுற்றிவிட்டு, ஒரு தேநீர் குடித்துத் திரும்புவோம். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே ஆபத்து என்பதையும் கற்றோம். மூடுபனிக்குள்ளிருந்து கொழுந்து லொறி ஒன்று வளைவில் தோன்றிய நாளில், பிரேக் கட்டைகளை மாதந்தோறும் பார்ப்பதென்று சத்தியம் செய்தோம்.

வங்கி நண்பர் தேயிலை மலைகளுக்கிடையிலான குறுக்குப் பாதைகளில் ஓடினார். கூடையுடன் மலையேறும் பெண்கள், "சாருக்கு பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். பாரஞ் சுமந்து அதே மேட்டை நாள்தோறும் ஏறுபவர்களின் சிரிப்பு அது, அதில் நியாயமுண்டு.

ஆறாவது வாரம் ஆசிரியர் தேநீர்க் கடைக்கு வந்து, "வேறு நீச்சல்காரனைத் தேடிக்கொள்ளுங்கள், என்னால் இருவரும் தோற்க வேண்டாம்" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கணம் அந்த யோசனை நமக்கும் உவப்பாகவே இருந்தது. நீச்சல் அறிந்த இளைஞர் ஒருவர் பெயரும் நாவில் வந்தது. வங்கி நண்பர் அதைக் கேட்க விடவில்லை. "ஆளை மாற்றினால் பந்தயத்தை முடிப்போம். ஆனால் நாம் மூவரும் முடித்ததாகாது" என்றார். அடுத்த சனி கண்டி பஸ்ஸில் மூவரும் ஏறினோம். நாங்கள் இருவரும் நீந்தவில்லை. தடாகத்தின் ஓரமாக, அவர் போகும் திசையில், கூடவே நடந்தோம். அன்று அவர் 25 மீற்றரைக் கடந்தார். தை பிறப்பதற்குள் நிற்காமல் 400 மீற்றர்.

இதற்குள் இரகசியம் வீட்டில் உடைந்துவிட்டது. கண்டியில் ஏதோ வகுப்பு என்று அன்னையாரிடம் சொல்லிவைத்திருந்தார். ஈரத் துவாயும் குளோரின் வாசனையும் காட்டிக்கொடுத்துவிட்டன. அம்மையார் ஏசவில்லை, ஒரு நாள் முழுவதும் பேசவேயில்லை. மறுநாள் இரவு சோறு போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"கடல்ல நீ போறப்ப கரையில யாரு தம்பி நிப்பா?"

"அவங்க ரெண்டு பேரும் நிப்பாங்கம்மா."

"அப்ப சரி" என்று சொல்லி, இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தாராம்.

போட்டி நாள் வந்தது. அதிகாலையிலேயே கரையில் புழுக்கம். மலைக்குளிரில் வளர்ந்த தேகம் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும் என்பது வைத்திய சாத்திரம்; எங்களுக்குக் கிடைத்ததோ ஓர் இரவு. ஆயினும் கடல் ஒரு சலுகை தந்தது. உப்பு நீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தியானது. உடலை அதிகமாகத் தாங்கும். இதனை ஆசிரியர் முந்தின மாலை தாமே மிதந்து பார்த்து, சிறு பிள்ளையைப் போலக் கூவி அறிவித்தார். "இது நம்ம காசல்ரீத் தண்ணிதானே? களனி கங்கையாகி இங்கேதானே வந்து சேருது!" என்றார். பூகோள ஆசிரியர் அல்லவா!

அஞ்சல் பிரிவில் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது கைக்கோல் அன்று. கணுக்காலில் கட்டும் ஒரு பட்டி. நேரத்தைப் பதியும் சிறு கருவி அதில் இருக்கும். பட்டி வரும்வரை அடுத்தவர் சைக்கிள் அருகே நிற்க வேண்டும். ஆகவே ஊதல் ஒலித்தபின் நமக்கு இருந்த ஒரே வேலை காத்திருப்பது. நீந்துவதும் ஓடுவதும் பழகினால் வரும். காத்திருக்க எந்தப் பயிற்சியும் இல்லை. முதலாமவர் கரையேறினார், பத்துப் பேர், முப்பது பேர். இருபது நிமிஷமாயிற்று. அலைகளுக்கிடையே கறுத்த புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. காவற் படகு ஒன்று கடைசிப் புள்ளிகளுக்கருகே திரும்பியபோது, நம் உள்ளங்கை நனைந்ததை மறைக்க மாட்டோம். அம்மையாரின் கேள்வி செவியில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

இருபத்தேழாம் நிமிஷத்தில் ஆசிரியர் எழுந்து நின்றார். கடைசியிலிருந்து நான்காமவர். மணலில் தள்ளாடி ஓடிவந்து, நடுங்கும் கையால் பட்டியைக் கழற்றி நம் காலில் கட்டினார். அவருக்குப் பேச்சு வரவில்லை; தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த வேகத்தில் நாம் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமலே சைக்கிளை எடுத்துவிட்டோம். வார் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடவேண்டும் என்பது விதி. நடுவர் நிறுத்தினார், ஐந்து பேர் முந்திச் சென்றனர். பதினாறு வாரம் மலையேறிய வீரம் ஒரு பூட்டில் பறிபோயிற்று!

சமதரையில் பறக்கலாமென்று எண்ணியிருந்தோம். எதிர்க்காற்று அதையும் திருத்தியது. ஐம்பது நிமிஷத்தில் திரும்பிப் பட்டியைக் கொடுத்தோம். தப்பால்காரரின் பேரன் அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். முதல் இரண்டு கிலோமீற்றர் வெயிலுக்கு மரியாதை கொடுத்து மெதுவாகவும், பிறகு வெயில் தமக்கு மரியாதை கொடுக்கும்படியும் ஓடினார் என்று பிற்பாடு சொன்னார். இறுதி நூறு மீற்றரில் நாங்கள் இருவரும் அவரோடு சேர்ந்துகொள்ள, மூவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினோம். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம். பரிசு பெற்றவர்களின் பட்டியலைத் தேடவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண் பெண் கலந்த அஞ்சல் முப்போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. நால்வரும் தத்தமக்குரிய மூன்று பகுதிகளையும் முடித்து, அடுத்தவர் கையைத் தொட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பிரித்தானியா வென்றது. அந்த வீரர்களுக்கும் நமக்கும் மலையும் மடுவும். ஆனால் அடுத்தவர் வரும்வரை நிற்கும் அந்த நிமிஷம் எல்லோருக்கும் ஒன்றே என்று நினைக்கிறோம்.

மாணவ நேயர்களுக்கு இரண்டு சொற்கள். நீர்த்தேக்கத்தில் பயிலாதீர்கள், தடாகத்தில், கற்பிப்பவர் ஒருவரின் கண்காணிப்பில் பயிலுங்கள். எவ்வளவு தேர்ந்தாலும் கரையில் ஆளின்றி நீரில் இறங்காதீர்கள். பெரியோருக்கும் ஒரு சொல். நீர் சூழ்ந்த நம் மலைநாட்டில் நீச்சலைப் பள்ளிக்கூடப் பாடமாகக் கருதும் காலம் வரவேண்டும். அச்சம் சில பிள்ளைகளைக் காக்கும். அறிவு இன்னும் பலரைக் காக்கும்.

போட்டி முடிந்ததும், உப்புக் காயாத முகத்தோடு ஆசிரியர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எத்தனையாவது இடம் என்று அம்மையார் கேட்கவில்லை.

"கரையில நின்னாங்களா?"

"நின்னாங்கம்மா."

"அவங்களையும் கூட்டிக்கிட்டு சோத்துக்கு வந்துரு."

அன்றிரவு ஹட்டன் பஸ்ஸில் மூவரும் ஒரே ஆசனத்தில் நெருக்கியடித்து உறங்கிப்போனோம். அஞ்சல் என்னும் சொல்லுக்கு இத்தனை பொருள் வைத்த முன்னோர், யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.