நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சென்னை அசோக் நகர் அவென்யூக்களில் காலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன பேச்சு ஒன்று உண்டு: "ஒண்ணும் பண்ணாது சார், நீங்க பாட்டுக்கு வாங்க." சொல்பவர் கையில் செயின் சும்மா தொங்கும். நாய் பத்தடி முன்னால் போய் யாருடைய வேட்டியையோ மோந்துகொண்டிருக்கும். இந்தப் பேச்சின் மேல் ஒரு முழு வாதமே கட்டப்பட்டிருக்கிறது. வளர்ப்பு நாயால் யாருக்கும் தொல்லை இல்லை, தொல்லை என்பவர்கள் பயந்தாங்கொள்ளிகள், இல்லாவிட்டால் உயிர்களிடத்தில் இரக்கமில்லாதவர்கள், பிரச்சினையெல்லாம் தெருநாய்தான், சட்டமும் எங்கள் பக்கம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் பூங்கா வாசலிலும் லிஃப்ட்டுக்குள்ளும் இதையே கேட்கிறேன். இதில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி.

"ஒண்ணும் பண்ணாது" என்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது சோபாவுக்குக் கீழே படுத்துக்கொண்டு, பெயர் சொன்னால் வாலாட்டும் நாய். எதிரே சைக்கிள் சரிந்து விழும்போதும், யாரோ படக்கென்று குடையை விரிக்கும்போதும், ஒரு குழந்தை கத்திக்கொண்டு ஓடும்போதும் அதே நாய் என்ன செய்யும் என்பது நடந்த பிறகுதான் அவருக்கும் தெரியும். அசோக் நகரை ஒட்டிய ஜாபர்கான்பேட்டையில் 2025 ஆகஸ்டில் பிட்புல் நாய் ஒன்று அக்கம்பக்கத்தில் வசித்த 55 வயதுக்காரர் மேல் பாய்ந்து கடித்தது. அவர் இறந்துபோனார். தடுக்கப் போன, அந்த நாயை வளர்த்த பெண்மணிக்கும் கடி. வளர்த்தவர் கைக்கே அடங்காத நாய்க்கு அவர் வாய்வார்த்தை என்ன உத்தரவாதம்? அதற்கு முந்தைய வருடம், 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர் நாய்கள் காவலாளியின் ஐந்து வயது மகளைக் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை அப்பா வேலை பார்த்த பூங்காவில்தான் விளையாடிக்கொண்டிருந்தது. காப்பாற்ற ஓடிவந்த தாயும் காயம்பட்டார். குழந்தையின் தலையில் ஏற்பட்ட காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது.

இவை இரண்டும் உச்சக்கட்டச் சம்பவங்கள், எங்கள் வீட்டு லாப்ரடார் அப்படியா என்று கேட்பார்கள். அப்படி இல்லைதான். ஆனால் வளர்ந்த லாப்ரடார் முப்பது கிலோ இருக்கும். அது ஆசையோடு பாய்ந்தாலும் எடை அதேதான். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர் பழையபடி நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். பதினோராவது அவென்யூவில் ஒருநாள் பார்த்தேன். ஒரு கையில் பூக்கூடை, மறு கையில் கைத்தடியோடு ஒரு பாட்டி நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். எதிரே அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று துள்ளிவரவும், அவர் நடைபாதையை விட்டு, பஸ் போகும் ரோட்டில் இறங்கி நின்றுவிட்டார். "பயப்படாதீங்கம்மா, அது சும்மா விளையாடும்" என்றார் பின்னால் வந்த இளைஞர். "விளையாடட்டும்ப்பா, நீ முதல்ல அதப் புடி" என்றார் பாட்டி. அவர் கேட்டதற்கு மேல் நான் கேட்கவும் எதுவுமில்லை. அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை, நகம்கூடப் படவில்லை. ஆனாலும் ஒரு முதியவர் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கவேண்டி வந்தது. எந்த நாய்க்கடிக் கணக்கிலும் இது ஏறாது.

அடுத்தது, "நீங்க பயப்படறதாலதான் அது குரைக்குது." இதில் பாதி உண்மை இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மன அழுத்தத்துக்கு உள்ளான மனிதர்களின் வியர்வையையும் மூச்சையும், அதே மனிதர்களின் சாதாரண வாசனையிலிருந்து நாய்கள் பெரும்பாலும் சரியாகப் பிரித்துக் காட்டின. நம் பதற்றம் நாயின் மூக்குக்கு எட்டிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வியர்வையை யாரால் அடக்க முடியும்? சின்ன வயதில் கடிபட்டு, அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவரிடம் போய் பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? பயம் அவர் கையில் இல்லை. செயின் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டில் எதை இறுக்க முடியுமோ அதைத்தானே இறுக்க வேண்டும்?

தெருநாய்தான் பிரச்சினை என்கிறார்கள். தெருநாய்ப் பிரச்சினை பெரிது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 2024-ல் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 4.8 லட்சம் நாய்க்கடிகளும் 43 ரேபிஸ் மரணங்களும் பதிவாயின. சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் என்று மாநகராட்சியின் கணக்கெடுப்பு சொன்னது. அவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போடவேண்டியது மாநகராட்சியின் வேலை. ப்ளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே இந்த ஊரில் தொடங்கிய வேலை அது, இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் மாநகராட்சி தன் வேலையில் பின்தங்கியிருக்கிறது என்பதால் நான் என் நாயை அவிழ்த்துவிடலாம் என்று ஆகிவிடுமா? தெருநாய்க்குப் பொறுப்பாளி யார் என்று தேடவேண்டும். வளர்ப்பு நாய்க்கு அவர் செயினின் மறுமுனையில் நிற்கிறார். இன்னொன்றையும் பார்க்கிறேன்: தெருநாய்கள் காவல் காக்கும் தெருவுக்குள் அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய் நுழைந்தால் அங்கே ஒரு சண்டை வெடிக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது அந்த நேரம் பார்த்துப் பால் போட வருபவர்.

கடித்தது எந்த நாயானாலும் கடிபட்டவர் பாடு ஒன்றுதான். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அரசு மருத்துவமனையில் போடும் முறைப்படி அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தடவை ஊசிக்குப் போக வேண்டும். கடித்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று உரிமையாளர் சொன்னாலும் ஊசியைத் தொடங்காமல் இருக்கக் கூடாது. ஊசி இலவசம். கேஸ் சிலிண்டர் தூக்குபவருக்கும் சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்கும் வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூலி யாரும் தருவதில்லை.

எனக்கு மிக அதிகமாக வருத்தம் தருவது கழிவு விஷயம். "மண்ணுக்கு உரம்தானே" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். மாட்டுச் சாணத்தோடு இதைச் சேர்க்க முடியாது. நாயின் கழிவில் உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். கழிவு காய்ந்து மறைந்த பிறகும் அவை மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அதிலிருந்து தொற்று வரும். கொக்கிப்புழுவின் இளம் புழுக்களோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போகும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோயின் கிருமியை நாயின் சிறுநீரும் பரப்பக்கூடும். மழைக்காலத்தில் அசோக் நகர்த் தெருக்களில் கணுக்காலளவு தண்ணீரில் நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

விடியற்காலையில் வாசல் தெளிக்க வரும் பெண், கோலப்பொடி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் செய்யும் வேலை என்ன என்று பாருங்கள். பழைய பேப்பரை மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ வீட்டு நாய் கேட் ஓரத்தில் போட்டுவிட்டுப் போனதை அள்ளுகிறார். பிறகு இரண்டு வாளி தண்ணீர். அதற்குப் பிறகுதான் கோலம். நடைபாதையில் கிடப்பதைத் தூய்மைப் பணியாளர் அள்ளுகிறார், பல நேரம் கையுறைகூட இல்லாமல். தன் நாயின் கழிவைத் தானே எடுப்பதைக் கேவலம் என்று நினைக்கும் ஒருவர், அதே வேலையை இன்னொருவர் செய்வார் என்று நம்பி நகர்ந்துபோகிறார். அடுத்தவர் கழிவை அள்ளவே சிலர் பிறந்திருக்கிறார்கள் என்ற பழைய எண்ணம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு பையும் பழைய பேப்பரும் எடுத்துப்போக என்ன செலவாகிவிடும்?

சட்டத்துக்கு வருவோம். நாய் வளர்ப்பவர்கள் மேற்கோள் காட்டும் சட்டம் உண்மையானதுதான். அப்போது திருவான்மியூரிலிருந்து இயங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. வளர்ப்பு நாய்க்குக் குடியிருப்பில் தடை போடக் கூடாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லக் கூடாது என்றது அது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் நாய் வளர்க்கத் தடை விதிக்கும் சங்க விதிகள் செல்லாது என்றது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். வாடகைக்கு வீடு தேடும்போது நாயைக் காரணம் காட்டித் துரத்தப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அதே வழிகாட்டுதல், பொது இடத்தில் நாயைக் கட்டிப் பிடித்துச் செல்லுங்கள், கழிவை அப்புறப்படுத்துங்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. அந்தப் பத்தியை மட்டும் யாரும் சங்கக் கூட்டத்தில் படிப்பதில்லை. விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராதபடி காக்காமல் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்திலும் இது 289-வது பிரிவாக இருந்ததுதான். சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் கட்டாயம். அதற்குக் கட்டணம் ஐம்பதே ரூபாய், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

கட்டிவைப்பது கொடுமை என்ற வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாள் முழுக்கப் பால்கனியில் கட்டிப்போடுவது கொடுமை. அரைமணி நேரம் தெருவில் கூடவே நடக்கும்போது பிடித்துக்கொள்வது அந்த நாயைக் காரிலிருந்தும் காப்பாற்றும். வாய்மூடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: நாய் உடல் சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான். சென்னை வெயிலில் வாயை இறுக்கிக் கட்டும் துணிவகை ஆபத்தானது. வாயைத் திறக்க இடம் விடும் கூடை வகையே சரி.

கடைசியாக, புகார் சொல்பவர்கள் நாயை வெறுப்பவர்கள் என்ற குற்றச்சாட்டு. எங்கள் பகுதியில் தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர்கள் சிலர்தான், அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய்களைப் பற்றி உரக்கப் பேசுபவர்களும். அலட்சியத்தின் விலையைக் கடைசியில் நாய்களே கொடுக்கின்றன. ஜாபர்கான்பேட்டைக்குப் பிறகு, 2025 டிசம்பரில், பிட்புல், ராட்வைலர் வகைகளுக்கு இனிப் புதிய உரிமம் இல்லை என்று மாநகராட்சி முடிவெடுத்தது. அந்த நாய்களை ஒழுங்காக, கட்டுக்குள் வைத்து வளர்த்தவர்களும் இப்போது அண்டைவீட்டாரின் சந்தேகப் பார்வையில் வாழ்கிறார்கள்.

மாநகராட்சியிடமும் கேட்கவேண்டியது இருக்கிறது. விபரீதம் நடந்த பிறகு சில வாரம் அபராதம் போட்டுவிட்டு ஓய்ந்துபோகாமல், வருடம் முழுக்கக் காலை நேரத்தில் பூங்காக்களையும் அவென்யூக்களையும் சுற்றிவர ஆள் வேண்டும். மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணுக்கு வரும் புகாருக்குப் பதில் வேண்டும். அசோக் நகரிலோ கே.கே. நகரிலோ ஏதாவது ஒரு பூங்காவின் மூலையை வேலி போட்டு, நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டு ஓடவும் ஒதுக்க வேண்டும். அந்தக் கோரிக்கை மனுவை வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கும்போது முதல் கையெழுத்து நாய் வளர்ப்பவர்களுடையதாக இருக்கட்டும். அடுத்ததை நான் போடுகிறேன்.