கழுதை நகராவிட்டால் யாருடைய பிழை?

பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் நிற்பது திருகோணமலைக்காரருக்குப் புதினமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போற வழியெல்லாம் நிற்கும். போன முறை வெளியூரிலிருந்து வந்த கூட்டாளி ஒருத்தி, மானோடு செல்பி எடுக்கவேணும் எண்டு போனைத் தூக்கிக்கொண்டு நேரே அதின் முகத்துக்கு முன்னால் போனாள். மான் விலகியது. திரும்பப் போனாள், திரும்ப விலகியது. கடைசியில் களைத்துப்போய் மர நிழலில் எங்களோடு கதைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அதே மான் அவளுக்கு நாலடி தள்ளி வந்து மேயத் தொடங்கியது.

“இதைத்தான் வெளிநாட்டில் காசு கட்டிப் பழகுறாங்கள்” எண்டு சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

உண்மைதான். குதிரை, கழுதை போன்ற மிருகங்களோடு பழகி, அதன் வழியாக நம்மைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் செயலமர்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. அதில் ஒரு வகையில் மிருகத்தின் மேல் ஏறவே விடமாட்டார்கள். எல்லாம் நிலத்தில் நிண்டுதான். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஈகாலா’ என்ற அமைப்பு இந்த முறையைப் பரவலாக்கியது. அவர்களுடைய முறையில் குதிரையை அறிந்த ஒருவரும் உளநலத் துறையில் பயின்ற ஒருவரும் கூடவே நிற்கவேண்டும்.

செயலமர்வு எண்டால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டிமை பேப்பர், மார்க்கர் பேனை, குழு குழுவாகப் பிரிதல், கடைசியில் சாப்பாட்டுப் பார்சல். சுனாமிக்கும் போருக்கும் பிறகு இந்தப் பக்கம் நடந்த செயலமர்வுகளைக் கணக்கெடுக்க முடியாது. அந்த எண்ணத்தோடு இதற்குப் போனால் முதல் அரை மணித்தியாலத்திலேயே அலுப்படிக்கும். ஏனென்றால் முதலில் வேலிக்கு வெளியே நிண்டு சும்மா பார்க்கத்தான் சொல்லுவார்கள். காது எந்தப் பக்கம் திரும்புது? எது எதோடு ஒட்டி நிற்குது? யார் வந்தால் விலகுது?

பிறகு பாதுகாப்பு விசயங்கள். குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிவரக் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் முதுகுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு போகவேணும். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது, அது வெருண்டு ஓடினால் விரல் போய்விடும். பாட்டாச் செருப்போடு போகாதீங்க, மூடின சப்பாத்துத்தான்.

அதற்குப் பிறகு உடம்பைத் தூரிகையால் தேய்த்துவிடுவது, கயிற்றில் பிடித்து நடத்துவது, தடிகளுக்கும் கூம்புகளுக்கும் இடையால் கூட்டிப்போவது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டுப்படுவார்கள். இழுத்தால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். ஓரடி எடுத்து வைத்தவுடன் கயிற்றைத் தளர்த்தவேணும், அந்தத் தளர்வுதான் அதுக்குக் கிடைக்கிற பரிசு. நேரம் முழுக்க ஒரு அடிகூட நகராமல் முடியிற நாளும் உண்டு. அதுவும் தோல்வி இல்லை. நகராதபோது நீங்கள் கத்தினீங்களா, கெஞ்சினீங்களா, மற்ற ஆளைக் குற்றம் சொன்னீங்களா எண்டதைப் பற்றித்தான் கடைசியில் இருந்து கதைப்பார்கள்.

இதுக்கு வெளிநாட்டுக் குதிரை தேவையே இல்லை எண்டது என் கட்சி. மன்னார் நகரத்தில் கழுதைகள் தெருவெல்லாம் திரிகின்றன. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லுவார்கள். இரவில் வாகனத்தில் அடிபட்டு, குப்பையில் பொலித்தீன் தின்று கிடந்த அவற்றுக்கு, ‘பிரிட்ஜிங் லங்கா’ அமைப்பு அங்கே ஒரு மருத்துவ, கல்வி நிலையத்தை உருவாக்கியது. விசேட தேவையுள்ள பிள்ளைகள் கழுதைகளோடு பழகும் நிகழ்ச்சிகளையும் நடத்தினார்கள். நகரத்துக்குத் தொல்லை எண்ட மிருகமும், வகுப்புக்குத் தொல்லை எண்ட பிள்ளையும்! எனக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு தெரியவில்லை.

குதிரை பயந்தால் ஓடும். கழுதை பயந்தால் பெரும்பாலும் அப்படியே உறைந்து நிற்கும், நிலைமையைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கும். அதைத்தான் நாங்கள் பிடிவாதம் எண்டு பெயர் வைத்து அடிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் “கழுதை, வாயைத் திறவன்” எண்டு பேச்சு வாங்காதவர்கள் எங்களில் எத்தனை பேர்? கேள்வி கேட்டவுடன் உறைந்து நிண்ட பிள்ளைக்கு விடை தெரியாது எண்டுதான் முடிவெடுத்தார்கள். இப்படியொரு செயலமர்வு திருகோணமலைக்கு வந்தால், மாணவத் தலைவர்களுக்கு முதல் வகுப்பெடுக்கிறவர்களை அனுப்பவேணும். கயிற்றை இழுத்துப் பழகியவர்கள் அவர்கள்தானே.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது கற்றல், சிகிச்சை இல்லை. போரிலும் கடலிலும் ஆட்களை இழந்த ஊரில் “குதிரையைத் தொட்டால் மனக்காயம் ஆறும்” எண்டு யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பவேண்டாம். இதன் பலன் பற்றிய ஆய்வுகளில் பலதும் சிறியவை. பதிவு செய்ய முதல் நடத்துறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்க. யாராவது அழத் தொடங்கினால் பார்க்கத் தகுதியான ஆள் நிற்பாரா? மிருகத்துக்கு விருப்பமில்லாவிட்டால் அது விலகிப் போக இடம் உண்டா? இரண்டாவதுக்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அது சர்க்கஸ். காசை மிச்சம் பிடிச்சுக்கொண்டு பின்னேரம் கோட்டைக்குள் போய் இருங்க.

மன்னாருக்கே போறீங்கள் எண்டால், கழுதைக்குப் பாணைப் பொலித்தீன் பையோடு நீட்டாதீங்க. பையையும் சேர்த்துத்தான் தின்னும்.