நாய் இளைத்தால் யார் பொறுப்பு?

2025-ம் ஆண்டு நாடு முழுவதும் நாய்களைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. டீக்கடையில் பேச்சு. ரெயிலில் பேச்சு. கோர்ட்டிலும் பேச்சு.

ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. டெல்லியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் உள்ள தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும், திரும்பத் தெருவில் விடக்கூடாது என்பது அந்த உத்தரவு. 11 நாள் கழித்து, 22-ந் தேதி, 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை மாற்றியது. கருத்தடை ஆபரேஷன் செய்து, தடுப்பு ஊசி போட்டு, புழு மருந்து கொடுத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்ட நாயையும், மூர்க்கமான நாயையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்றது.

"பிள்ளைகள் தெருவில் நடக்க வேண்டாமா?" என்று ஒரு கட்சி கேட்டது. "வாயில்லாப் பிராணி எங்கே போகும்?" என்று மறு கட்சி கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விதான்.

இரு கட்சியாரும் கவனிக்காத ஒரு நாய் இருக்கிறது. அது தெரு நாய் அல்ல. வீட்டு நாய். கழுத்தில் பட்டை இருக்கிறது. வாசலில் சங்கிலி இருக்கிறது. விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம்.

அந்த நாயைக் குட்டியாக ஆசையோடுதான் வாங்கி வந்தார்கள். வளர்ந்தது. செலவு வந்தது. நோய் வந்தது. இளைத்தது. "பார்க்கச் சகிக்கவில்லை" என்று ஒரு நாள் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் முதல் அதற்குப் பெயர் தெரு நாய்! தெரு நாய் என்பது வானத்திலிருந்து குதித்த ஜாதி அல்ல. வீட்டுக் கதவு வழியாக வந்த நாய்களும், அவை போட்ட குட்டிகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

2023-ம் ஆண்டின் கருத்தடை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வளர்ப்பு நாய்க்குப் புழு மருந்து, தடுப்பு ஊசி, கருத்தடை ஆகிய மூன்றுக்கும் சொந்தக்காரரே பொறுப்பு.

ஒல்லியா, மெலிவா?

2005-ல் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் நாட்டு ஜாதிகளைப் புகழ்ந்து, நாட்டு நாய்களை வளர்க்கும்படி சொன்னார். நல்ல யோசனைதான். நம் வெயிலைத் தாங்கும் நாய்கள் இவை.

ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பிடிக்கப் பிறந்தவை. நீண்ட கால், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. நன்றாகச் சாப்பிடும் சிப்பிப்பாறைக்கும் இரண்டு மூன்று விலா எலும்பு தெரியும். இதனால் இரண்டு விதக் குழப்பம். பக்கத்து வீட்டுக்காரர், "ஏன் அண்ணே, நாய்க்குச் சோறு போடுவதே இல்லையா?" என்று கேட்பார். அதற்குப் பயந்து சிலர் நாயைக் கொழுக்க வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், நாய் உண்மையிலேயே பட்டினியாகக் கிடக்கும்போதும், "இந்த ஜாதியே இப்படித்தான்" என்று தப்பித்துக்கொள்கிறார்கள்.

கண்ணை நம்ப வேண்டாம். கையை நம்புங்கள். இடது கையை விரித்துக் கவிழ்த்து வையுங்கள். வலது கை விரல்களால் அதன் புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு தட்டுப்படும்; மேலே கொஞ்சம் சதைப்பற்றும் இருக்கும். நாயின் விலா அப்படி இருந்தால் சரியான எடை. இப்போது கையை முஷ்டியாக மடக்கி, கணுக்களைத் தடவுங்கள். விலா அதுபோலத் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் நாய் கொழுத்துவிட்டது.

முதுகெலும்பையும் இடுப்பையும் பாருங்கள். இடுப்பு எலும்பு கூராக எழுந்து, அதைச் சுற்றிச் சதை குழிந்திருந்தால், எந்த ஜாதியானாலும் அது மெலிவுதான். முன்பு நன்றாக இருந்த நாய் சில வாரங்களில் இளைத்தாலும் ஜாதியைக் காரணம் சொல்ல முடியாது.

வெறும் சோறு போதுமா?

20 கிலோ எடையுள்ள நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். புரதம் 45 கிராமாவது வேண்டும். 100 கிராம் சோற்றில் 130 கலோரி இருக்கிறது. புரதமோ 3 கிராம்கூட இல்லை. வெறும் சோற்றால் 1,000 கலோரி கொடுக்க வேண்டுமானால் முக்கால் கிலோவுக்கு மேல் சோறு போட வேண்டும். அப்போதும் புரதம் 20 கிராம்தான் கிடைக்கும். வயிறு நிரம்பும். உடம்பு தேறாது. "தட்டு நிறையப் போடுகிறேன், இளைத்துக்கொண்டே போகிறது" என்பவர் வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அதே நாய்க்கு அரைக் கிலோ சோறு, 2 வேகவைத்த முட்டை, 100 கிராம் வெந்த கோழிக்கறி, ஒரு சிறு கரண்டி எண்ணெய் கொடுத்துப் பாருங்கள். கலோரி ஏறக்குறைய அதேதான். புரதம் 50 கிராமைத் தொடும். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கறியும் சோறுமே போட்டால் சுண்ணாம்புச் சத்து குறையும். குட்டிகளுக்கு இதனால் கால் வளையும். ஆகவே கால்சியத்தை டாக்டரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். சைவ வீட்டில் நாய் வளர்க்கக்கூடாது என்பதில்லை. பருப்பு, பன்னீர், தயிர் என்று யோசித்துப் போட வேண்டும், தயிர்ச்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது.

நம் வீடுகளில் மிச்சமாவது சாம்பார் சாதம். சாம்பாரில் சின்ன வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அழிக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. நாள்பட ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து போகும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். அன்போடு போடுகிற மிச்சத்தில் இத்தனை ஆபத்து இருக்கிறது. நாய்க்கென்று ஒரு பிடி சோற்றை, குழம்பு ஊற்றுமுன் தனியாக எடுத்து வைப்பது பெரிய வேலை அல்ல.

பங்கு கேட்கும் விருந்தாளி

நன்றாகத் தின்றும் இளைக்கிறதா? அப்படியானால் உள்ளே வேறு யாரோ பங்கு கேட்கிறார்கள். கொக்கிப் புழு குடலைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். குட்டியாக இருந்தால் அதனாலேயே செத்துப்போகும். குட்டிக்கு 2 வாரம் ஆனதும் புழு மருந்து தொடங்க வேண்டும். 2 வாரத்துக்கு ஒரு முறை வீதம் 8 வாரம் வரையிலும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்க வேண்டும். அதன்பின் 3 மாதத்துக்கு ஒரு முறை போதும். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. ஆகையால் மனிதருக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள்.

இது நாயின் உடம்பு சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. நாய் மலம் கிடந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் கையிலும் காலிலும் அந்தப் புழுவின் முட்டையும் குஞ்சும் ஒட்டும். குழந்தைக்கு அரிப்பும் வயிற்றுக் கோளாறும் வந்தபின் டாக்டரிடம் ஓடுகிறவர், முன்னாலேயே நாய்க்கு மருந்து கொடுத்திருக்கலாம்.

இன்னொரு விருந்தாளி உண்ணி. அது பரப்பும் காய்ச்சல் நம் நாட்டில் சர்வசாதாரணம். நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகும். உடம்பு கொதிக்கும். ஈறு வெளுக்கும். சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். காலத்தில் போனால் குணமும் ஆகும். உண்ணியைக் கையால் நசுக்காமல் மருந்து கேளுங்கள். பல்வலி, சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, கணையக் கோளாறு இவையும் நாயை இளைக்க வைக்கும். ஆகவே முதல் செலவு சத்து டப்பாவுக்கு அல்ல. ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் மலத்தையும் ரத்தத்தையும் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நாய் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாயில் கையை விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் காட்டும். கடித்துவிட்டாலோ, எச்சில் புண்ணில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி தொடங்க வேண்டும். வெறிநோய் அறிகுறி மனிதரிடம் தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. நாய்க்குக் குட்டியில் 3 மாதத்தில் ஓர் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடந்தோறும் ஓர் ஊசி போட்டு வந்தால் இந்தப் பயமே வேண்டாம்.

அவசரம் ஆகாது

நோய் இல்லை, தீனிதான் குறை என்று தெரிந்தால், சாப்பாட்டை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். புது உணவைப் பழைய உணவோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் பேதியாகி இருக்கிற எடையும் போகும். வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு தனியாக ஏறிக் கழித்துவிடுங்கள். 20 கிலோ நாய் வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் போதும். தின்றவுடன் ஓட விடாதீர்கள். மார்பு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. முறுக்கினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

பல நாள் பட்டினி கிடந்த நாயை யாராவது தெருவிலிருந்து கொண்டுவந்தால், இரக்கப்பட்டு வயிறு முட்டப் போட்டுவிடக்கூடாது. காய்ந்த உடம்பில் ஒரேயடியாகச் சாப்பாடு போனால் ரத்தத்தில் உள்ள உப்புகள் நிலைகுலைந்து இதயமே நிற்கலாம். முதல் நாள் தேவையில் கால் பங்கு, அதையும் நாலைந்து வேளையாக. டாக்டர் பார்வையில் சில நாளில் முழு அளவுக்கு வரலாம்.

50 ரூபாய் சட்டம்

நாயைப் பட்டினி போட்டால் சட்டம் கேட்காதா? கேட்கும். கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களித்தார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவரும் ருக்மிணி தேவிதான். வாரியம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது.

அந்தச் சட்டப்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் இடமும் கொடுக்காதது குற்றம். எப்போதும் கட்டியே வைத்து, நடக்க விடாதது குற்றம். காரணமில்லாமல் கைவிடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகை. இப்போது ஒரு கிலோ கோழிக்கறி வாங்கவும் பற்றாது. தெருவை ஒழுங்குபடுத்த இத்தனை உத்தரவு போடுகிறவர்கள், வீட்டிலிருந்து நாயைத் துரத்துகிறவரிடம் 50 ரூபாய் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சென்னைக் கார்ப்பரேஷன் வேறு வழியில் போயிருக்கிறது. வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம். 2025-ம் ஆண்டு இறுதியில், லைசென்ஸ் எடுக்காதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நாயின் தோலுக்கு அடியில் ஒரு சில்லும் பொருத்த வேண்டும். சில்லு ஓர் அரிசி அளவுதான் இருக்கும். அதில் ஒரு நம்பர் இருக்கிறது. கருவியை மேலே காட்டினால் நம்பர் தெரியும். பதிவேட்டைப் புரட்டினால் சொந்தக்காரரின் பெயர் வரும். நாயை வேறு பேட்டையில் இறக்கிவிட்டு, தெரியாததுபோல் இருப்பது இனிக் கடினம்.

உண்மையிலேயே வளர்க்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. வேலை மாறுகிறது. வாடகை வீட்டில் நாய் கூடாது என்கிறார்கள். வயதான பெற்றோருக்கு நோய் வருகிறது. அப்படியானால் தெரிந்த வீட்டில் கொடுங்கள். நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கருத்தடை செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பெண் நாய் 9 வாரத்தில் குட்டி போட்டுவிடும். லைசென்ஸைப் புது வீட்டார் பெயருக்கு மாற்றுங்கள். தடுப்பு ஊசி நோட்டை மறக்காமல் கூடக் கொடுங்கள். அது எத்தனை வேளை தின்னும், என்ன தின்னும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்பதையும் ஒரு தாளில் எழுதி அந்த நோட்டுக்குள் வையுங்கள்.