உச்சி வெயிலும் தோல் பதனிடுபவர் வீட்டு மாடியும்



சித்திரை பிறந்துவிட்டால் நம் வேலூர், ஆம்பூர் பக்கத்தில் யாரைச் சந்தித்தாலும் முதல் பேச்சு வெயிலைப் பற்றியதுதான். வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்வதும் உண்டு. "உங்கள் ஊரில் இரண்டே காலம், ஒன்று வெயில் காலம், மற்றொன்று கடும் வெயில் காலம்" என்பார்கள். மே 4-ஆம் தேதியையொட்டித் தொடங்கும் கத்திரி, மாதக் கடைசி வரை நம்மை விடுவதில்லை. வெப்பமானி 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. சுற்றியுள்ள பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பித் தருகின்றன. நுங்கும் மோரும் கேழ்வரகுக் கூழும்தான் நமக்கு ஆறுதல்.

கோடை என்றதும் மறையுரைகளில் பொறுமையைப் பற்றியும் ஆன்ம தாகத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஆனால் வெயில் எல்லார் மீதும் ஒரேபோல் விழுந்தாலும், எல்லாரும் அதை ஒரேபோல் சுமப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே இருப்பவரின் கோடை வேறு. சாரத்தின் மேல் நிற்பவரின் கோடை வேறு. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் ஒரு பங்கு மக்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் பங்குத் திருவிழாவுக்காகக் கோவில் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். கொடியேற்றத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் மேஸ்திரியை அவசரப்படுத்தினேன். ஒருநாள் மதிய உணவு முடித்து, சிறிது கண்ணயர்ந்து எழுந்து வெளியே வந்தபோது, காலணி கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் பானை நிறைய மோரோடு சுவரோரம் நின்றிருந்தார். வேலையாட்கள் இறங்கி வந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர், "சாமி, இவங்க இன்னும் சாப்பிடலையாம். வேலை முடியணும்னு நீங்க சொன்னீங்களாமே?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி என்னை அதிகம் சுட்டது. மாதாவின் திருவிழாவுக்குச் சுவரை வெள்ளையாக்க நினைத்த நான், மாதாவின் பிள்ளைகளை வெயிலில் மறந்துவிட்டேன்.

நண்பகலில் வரும் கடவுள்

அன்று மாலை திருவிவிலியத்தைத் திறந்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது. கடவுள் மனிதரைத் தேடி வருகிற சில முக்கியமான நிகழ்வுகள் உச்சி வெயிலில்தான் நடக்கின்றன. மம்ரேயில் ஆபிரகாம் பகலின் வெப்ப நேரத்தில் கூடார வாயிலில் அமர்ந்திருந்தபோதுதான் மூன்று பேர் அவர்முன் நின்றார்கள் (தொநூ 18:1-2). அவர் முதலில் செய்தது அவர்களுக்குத் தண்ணீரும் மரநிழலும் தந்ததுதான். வந்தவர் ஆண்டவர் என்பது பின்னரே வெளிப்படுகிறது. சிக்கார் ஊரில் பயணக் களைப்போடு யாக்கோபின் கிணற்றருகே இயேசு அமர்ந்ததும் நண்பகல் வேளைதான் (யோவா 4:6). உலகத்தைப் படைத்தவர் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். திராட்சைத் தோட்ட உவமையிலும் பகல் முழுவதும் கடும் வெயிலில் உழைத்தவர்களின் முறையீடு கேட்கிறது (மத் 20:12). வெயிலில் வேலை செய்வது எத்தனை கடினம் என்பது நாசரேத்துத் தச்சருக்குத் தெரியாதா என்ன?

ஆகவே, கோடை நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம் இது: உச்சி வெயிலில் நம் வாசலில் நிற்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன் நிழலும் நீரும் கொடுக்க வேண்டும். கூரியர் கொண்டுவரும் தம்பியும், எரிவாயு உருளை தூக்கி வரும் அண்ணனும், குப்பை வண்டி தள்ளி வரும் அக்காவும் நம் வீட்டுக்கு வரும் ஆபிரகாமின் விருந்தாளிகள்.

வேலையும் பருவகாலமும்

ஆனால் ஒரு குவளை மோரோடு நம் கடமை முடிந்துவிடுமா? 1891-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளரின் நியாயமான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் அது ஆதரித்தது என்பது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காத ஒரு கருத்தும் அதில் உண்டு. வேலை நேரத்தைத் தீர்மானிக்கும்போது ஆண்டின் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறார் திருத்தந்தை; ஒரு பருவத்தில் எளிதாக உள்ள வேலை மற்றொரு பருவத்தில் தாங்க முடியாததாகிவிடும் என்பதே காரணம். 130 ஆண்டுகளுக்கும் முன் ரோமையில் எழுதப்பட்டது நம் ஊர்க் கத்திரி வெயிலை மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது! 2025 மே 8-ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14-ஆம் லியோ, அந்த மடலை எழுதியவரின் பெயரையே தமக்கும் தேர்ந்துகொண்டார் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், அதுவும் கோடையின் நடுவில், வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டப் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது. மே முதல் நாள், அதாவது திருச்சபை தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவைக் கொண்டாடும் நாளில், அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. வெயில் இனி வெறும் பருவநிலை அல்ல, உயிரைப் பறிக்கும் பேரிடர் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது.

விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் நம் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் காலணியின் மேல்பகுதியைத் தைப்பவர்கள் அவர்கள். சிலர் ஜோடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் தகரக் கூரை வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். எந்த வேலை நேரச் சட்டமும் அந்தக் கூரைக்குக் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. தோல் ஷாப்பில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலிருந்து எடுத்துப் போடும் சகோதரரின் உழைப்பையும் நாம் அறிவோம். இவர்களுக்கு ஓய்வு நேரமும் குடிநீரும் காற்றோட்டமும் கேட்பது அரசியல் அல்ல. அது திருச்சபையின் போதனை.

நீரில்லாத ஆறு

கோடையில் நம்மை வாட்டும் அடுத்த துயரம் தண்ணீர். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, வாணியம்பாடி அருகே தமிழகத்தில் நுழையும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. ஆற்றில் நீர் ஓடாவிட்டாலும் மணலுக்கடியில் ஊற்று உண்டு என்று நம் முன்னோர் நம்பி வாழ்ந்தார்கள். அந்த ஊற்றிலும் உப்பும் குரோமியமும் கலந்தன. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிட்ட காலம் போய், வேதிப்பொருட்கள் பெருகிய காலம் வந்தபோது கழிவுநீர் வயலிலும் ஆற்றிலும் விடப்பட்டது.

1996 ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலை தருகிறது என்பதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அதற்காகச் சூழலை அழிக்க உரிமையில்லை என்றது. சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அது குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதற்கு நம் மாவட்டத்தின் கண்ணீரும் ஒரு காரணம். பிறகும் போராட்டம் முடியவில்லை. 2001-லும் 2009-லும் கணக்கிடப்பட்ட இழப்பீட்டை விடுபட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் வழங்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. 28 ஆண்டுகளுக்கும் மேல்! வழக்குத் தொடங்கியபோது இளைஞராக இருந்த விவசாயி இன்று முதியவர். சிலர் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள்.

2019 ஜூலை 12-ஆம் நாள், தாகத்தால் தவித்த சென்னைக்கு நம் சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் இரயில் புறப்பட்டதும் நினைவிருக்கும். தண்ணீருக்கு ஏங்கும் பகுதியிலிருந்தே தண்ணீர் போனது. சாரிபாத்துக் கைம்பெண் தன் கடைசி மாவை எலியாவோடு பகிர்ந்ததை (1 அர 17) அன்று நினைத்துக்கொண்டேன். அதே கைம்பெண்ணின் பானை வற்றாமல் கடவுள் காத்தார். நம் பானை வற்றாமல் காக்க நாமும் உழைக்க வேண்டும்.

முடியாதது ஒன்றுமில்லை. பாலாற்றின் கிளையான நாகநதியை நூறு நாள் வேலைத் திட்டத்தில் உழைத்த பெண்கள், நீர் செறிவூட்டும் கிணறுகள் அமைத்து மீட்டெடுத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையிலும் அதைப் பாராட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 24-ஆம் நாளிட்டு எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடலில், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று கற்பித்தார். அந்த நாளும் நம் கத்திரிக்குள்தான் வருகிறது!

சீமோனின் வீட்டு மாடி

இன்னொரு நண்பகலைச் சொல்லாமல் முடிக்க முடியாது. யோப்பா நகரில் பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் (திப 9:43). அது கடலோரத்தில் இருந்தது. தோல் பதனிடும் இடம் ஊரைவிட்டு ஐம்பது முழமாவது தள்ளியிருக்க வேண்டும் என்று யூதரின் மிஷ்னா விதிக்கிறது. நாற்றமுள்ள தொழில், விலக்கப்பட்ட மனிதர். அந்த வீட்டில் திருச்சபையின் தலைவர் உண்டு, உறங்கினார். நண்பகலில் அந்த வீட்டு மாடியில் பசியோடு செபித்தபோதுதான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டாகக் கருதக்கூடாது என்ற வெளிப்பாடு அவருக்குக் கிடைத்தது (திப 10:9-16). கொர்னேலியுவின் ஆட்கள் வந்து நின்றதும் அந்த வாசலில்தான். பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவு திறந்தது ஒரு தோல் தொழிலாளியின் வீட்டிலிருந்து!

தோலைத் தொட்டவர் கையைத் தீட்டு என்று சொன்ன சமூகம் நம்முடையது. அந்தத் தோலில் செய்த காலணியை மட்டும் எல்லாரும் விரும்பி அணிகிறோம். நம் பங்குகளிலும் இந்தப் பழைய நோயின் சுவடு இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சீமோன் வீட்டு மாடிக்கு ஏறாத பேதுரு செசரியாவுக்குப் போயிருக்க முடியாது. அந்த மாடிக்கு ஏறாத பங்கும் நற்செய்தியை அறிவிக்க முடியாது.

இக்கோடையில் நாம்

அன்பார்ந்தவர்களே, நம்மால் இயன்ற சிலவற்றைத் தொடங்குவோம். கோவில் வேலையானாலும் வீட்டு வேலையானாலும் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை யாரையும் வெயிலில் நிறுத்தாதிருப்போம். அதற்காகக் கூலியைக் குறைக்காதிருப்போம். கோவில் வாசலில் அமைக்கும் தண்ணீர்ப் பந்தல் சாதி மதம் பாராமல் அனைவருக்கும் திறந்திருக்கட்டும். மழை வருமுன் ஆலய வளாகத்து மழைநீர்த் தொட்டிகளைத் தூர்வாருவோம். இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு மனு எழுதவும் ஆவணம் தேடவும் படித்த நம் இளைஞர்கள் துணைநிற்கட்டும். தொழிற்சாலை நடத்தும் நம் சகோதரர்களே, உங்கள் தொழிலாளியின் குடிநீர்க் குழாயிலிருந்து ஒருநாள் நீங்களும் குடித்துப் பாருங்கள்.

என் பங்கில் அந்த அம்மாவின் மோர்ப்பானை எனக்கு எழுதிய மறையுரையை இன்னும் முழுமையாக நான் கடைப்பிடித்து முடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கோடையும் அதை நினைவூட்டுகிறது.

கிணற்றருகே களைத்து அமர்ந்த ஆண்டவரே, வெயிலில் உழைக்கும் எம் சகோதர சகோதரிகளின் முகத்தில் உம்மைக் காணும் கண்களைத் தாரும். சிலுவையில் தாகத்தைச் சொல்லிய உம் குரலை எம் வறண்ட பாலாற்றிலும் கேட்கச் செய்தருளும். ஆமென்.