நிரல் எழுத இடம் கொடுங்கய்யா!

டெக்ஸ்ட் எடிட்டர் என்பது எழுதுவதற்கான இடம். இதைக்கூட ஒரு பதிவு போட்டுச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டதே என்பதுதான் கொடுமை. இன்றைக்கு நம்மில் பாதிப் பேர் பொட்டி தட்டுவது விஎஸ் கோடில்தான். திறந்து பாருங்கள். இடது ஓரம் ஒரு ஐகான் பட்டி, அதை ஒட்டி ஃபைல் பட்டியல், கீழே டெர்மினல், வலது ஓரம் மினிமேப், அதற்கும் அந்தப் பக்கம் ஏஐ அரட்டைப் பெட்டி. நடுவில், கல்யாண வீட்டில் இடம் கிடைக்காத ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி ஒதுங்கி நிற்கிறதே, அதுதான் உங்கள் நிரல்!

சும்மா புலம்பவில்லை, கணக்கோடுதான் வந்திருக்கிறேன். பதினாலு இஞ்ச் லேப்டாப், 1366க்கு 768 திரை. உயரத்தை மட்டும் முதலில் பாருங்கள். விண்டோஸ் 10 டாஸ்க்பாருக்கு 40 பிக்சல். டைட்டில் பாருக்கு 30, டேப் வரிசைக்கு 35, அதன் கீழே ஃபைல் பாதை காட்டும் பட்டிக்கு 22, அடியில் ஸ்டேட்டஸ் பாருக்கு 22. மொத்தம் 149 போச்சு. மிச்சம் 619. ஒரு வரிக்கு 19 பிக்சல் என்றால் 32 வரி தெரியும். இப்போது டெர்மினலைத் திறங்கள். அது கீழே ஒரு 220 பிக்சலை வாரிக்கொண்டு போகும். மிச்சம் 21 வரி.

இந்த 21 எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதா? காலேஜ் லேபில் டர்போ சி++ போட்டுக் குடைந்தவர்களுக்குத் தெரியும். நீலத் திரை, மொத்தமே 25 வரி. மேலே மெனு ஒரு வரி, கீழே உதவி ஒரு வரி, ஜன்னல் சட்டத்துக்கு ரெண்டு வரி. மிச்சம் 21! 1990களின் டாஸ் திரையில் கிடைத்த அதே 21 வரிதான் இன்றைக்கும் நமக்கு வாய்க்கிறது. நடுவில் முப்பது வருஷ முன்னேற்றம் எங்கே போச்சு? பேனலுக்குப் போச்சு :-)

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டர்போ சி, கையில் இருந்த அந்த 25 வரியை மதித்தது. அவுட்புட் பார்க்கணுமா, ஆல்ட் + எஃப்5. முழுத் திரையும் அவுட்புட். ஒரு கீயைத் தட்டினால் விட்ட இடத்திலேயே நிரல். எஃப்5 அழுத்தினால் இருக்கிற ஜன்னல் முழுசாக விரியும். இடம் கம்மி என்று தெரிந்து செய்த வடிவமைப்பு அது. இப்போதைய எடிட்டர்களை வடிவமைப்பவர்களுக்கு இடம் கம்மி என்ற நினைப்பே கிடையாது. 27 இஞ்ச் மானிட்டரில் உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தான் வரும்.

சரி, அகலத்துக்கு வருவோம். 1366ல் ஐகான் பட்டிக்கு 48, ஃபைல் பட்டியலுக்கு ஒரு 300, வரி எண்ணுக்கும் மினிமேப்புக்குமாக ஒரு 165. மிச்சம் 850 சொச்சம். 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கு சுமார் 620 போதும். ஆக 230 பிக்சல் சும்மா கிடக்கிறது. அகலம் உபரி, உயரம் பஞ்சம். அப்படியிருக்க, எதைத் திறந்தாலும் பஞ்சத்தில் இருக்கிறவனிடமே பிடுங்குவது என்ன நியாயம்? அந்த உபரியையும் விட்டுவைக்கவில்லை என்பது அடுத்த கதை. 2022 ஜனவரியில் விஎஸ் கோடில் வலது பக்கமும் ஒரு பட்டி வந்தது. கேட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தவரை வம்பில்லை. 2025ல் ஏஐ அரட்டைக்காக, ஒரு போல்டரைத் திறந்தாலே தானாகத் திறந்து நிற்கும்படி ஆக்கினார்கள். அதற்கும் ஒரு 300 கொடுத்துப் பாருங்கள். 80 எழுத்து வரி உடைந்துவிடும்.

"எல்லாத்துக்கும் செட்டிங் இருக்கே பாஸ், மாத்திக்க வேண்டியதுதானே" என்பார்கள். தெரியும் சாமி. கன்ட்ரோல் + பி ஃபைல் பட்டியலை மறைக்கும், கன்ட்ரோல் + ஜே கீழ்ப் பேனலை மறைக்கும், பேனலை வலது பக்கம் நகர்த்தவும் வழி இருக்கிறது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். முதல் முறை பைத்தான் எழுதுகிற பிள்ளைக்குத் தெரியுமா?

என் கோபம் முழுக்க அந்தப் பிள்ளைக்காகத்தான். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். எனக்கும் அதுதான். அந்தச் சின்னத் திரையில் ஒரு 40 வரி ஃபங்ஷனைப் படிக்க ரெண்டு தடவை மேலும் கீழும் உருட்ட வேண்டும். மேலே அறிவித்த மாறியின் பெயர் கீழே போவதற்குள் மறந்துவிடும். பத்துத் தடவை இப்படி ஆனால் அந்தப் பிள்ளை எடிட்டரைக் குறை சொல்லாது. "எனக்கு கோடிங் வராதுண்ணா" என்று தன்னைத்தான் சொல்லிக்கொள்ளும். இதைப் பலர் வாயிலிருந்து கேட்டாச்சு. டிஃபால்ட் என்பது சும்மா ஆரம்ப நிலை இல்லீங்க. மாற்றத் தெரியாதவர்களுக்கு அதுதான் விதி.

"மானிட்டர் வாங்கு" என்பது அடுத்த உபதேசம். கரண்ட் போனால் மானிட்டரும் போகும். லேப்டாப் மட்டும்தான் மிஞ்சும். அதுபோக, பதினாலு இஞ்ச்சில் வேலை செய்பவனுக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டியது எடிட்டரின் கடமை.

இன்னொரு பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். டெர்மினலில் வரும் லாக் வரிகள் நீளமானவை, பக்கவாட்டில் வைத்தால் மடங்கி மடங்கிப் படிக்க முடியாது, அதனால்தான் கீழே வைக்கிறோம் என்பார்கள். உண்மைதான். அப்படியென்றால் முழுத் திரையிலும் காட்டு, பார்த்ததும் போய்விடு. டர்போ சி வழி. நிரலையும் படிக்க விடாமல், லாக்கையும் படிக்க விடாமல், ரெண்டுக்கும் கால் வயிறு கஞ்சி ஊற்றுவது எந்த ஊர் வடிவமைப்பு?

விருத்தாசலம் செராமிக் பட்டறையில் போய்ப் பாருங்கள். வேலை செய்கிறவருக்கு முன்னால் பிளாஸ்டர் அச்சு. களிமண் கரைசல் கைக்கு எட்டும் தூரத்தில். வாளி வேண்டும்தான், அது இல்லாமல் பொம்மை இல்லை. அதற்காக யாராவது வாளியைத் தூக்கி அச்சின் மேல் வைப்பார்களா?

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், மூன்றே மூன்று.

ஒன்று, கூப்பிடாமல் எந்தப் பேனலும் வரக்கூடாது. பிழை இருந்தால் ஸ்டேட்டஸ் பாரில் ஓர் எண் போதும். வேண்டுமென்றால் நானே சொடுக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

ரெண்டு, இடத்தை அளந்துவிட்டுப் பிரி. 1985ல் வந்த குனு ஈமேக்ஸில் இது இருக்கிறது. எத்தனை வரி, எத்தனை எழுத்து அகலம் இருந்தால் ஜன்னலை எப்படிப் பிரிக்கலாம் என்று எண்ணிப் பார்க்க அதில் வரம்புகள் உண்டு. எந்த ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று விதியும் எழுதி வைக்கலாம். முப்பது வரிகூட மிஞ்சாத திரையை மறுபடி வெட்டாதே என்று ஒரு நிபந்தனை எழுத எவ்வளவு நேரமாகும்?

மூன்று, மூடினால் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். கர்சர் இருந்த இடம், உருட்டிய இடம், பிரித்து வைத்திருந்த ஜன்னல்கள், எல்லாமும். ஈமேக்ஸில் வின்னர் மோட் என்று ஒன்று உண்டு. நிரலை அன்டூ செய்வது போல ஜன்னல் அமைப்பையே அன்டூ செய்யலாம்.

கேட்டால் நடக்குமா? நடக்கும். கிம்ப்பில் கருவிப் பெட்டிகள் தனித்தனி ஜன்னல்களாக மிதந்துகொண்டிருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? வருஷக்கணக்கில் ஜனங்கள் திட்டினார்கள். 2012ல் 2.8 பதிப்பில் ஒற்றை ஜன்னல் வசதி வந்தது. 2018ல் 2.10ல் அதுவே டிஃபால்ட் ஆனது. ஆறு வருஷம், ஆனாலும் நடந்தது. ஆகவே மக்களே, "செட்டிங்ல மாத்திக்கலாம்" என்று அடுத்தவன் வாயை அடைக்காதீர்கள். டிஃபால்ட்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை தடவை மூடச் சொன்னாலும் மூடாமல் கேளுங்கள்.

டிஸ்கி: "விம் யூஸ் பண்ணுங்க" என்று சொல்ல வருபவர்கள், முதலில் அதிலிருந்து வெளியே வரும் வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவும் :-)