எளியவன் சுவை ஏளனத்திற்குரியதோ?

திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் இருதிறத்தார். ஒருதிறத்தார் படமுதலாளிகளும் அவர்களுக்குப் பறையறைவோரும். மக்கள் கேட்பதையே தாம் கொடுப்பதாகவும், அடிதடியும் ஆட்டமும் இல்லையேல் கொட்டகையில் ஈயோட்ட வேண்டியதுதான் என்றும் அவர்கள் கூறுவர். மற்றொரு திறத்தார் கற்றறிந்த திறனாய்வாளர். நல்ல படம் வந்தும் மக்களுக்குச் சுவைக்கத் தெரியவில்லை என இவர்கள் நெட்டுயிர்ப்பர். ஒருவரையொருவர் எள்ளி நகையாடும் இவ்விரு திறத்தாரும் ஓரிடத்தில் மட்டும் கைகோத்துக் கொள்கின்றனர். கொட்டகையில் அமர்ந்திருக்கும் எளியவனுக்கு அறிவில்லை என்பதே அவ்விடம்.

அவ்வெளியவன் யாவன்? பகலெல்லாம் தறியிலோ கடையிலோ வயலிலோ உழைத்துவிட்டுத் திங்களுக்கு ஒருமுறை பெண்டு பிள்ளைகளுடன் படம் பார்க்கச் செல்பவன். நடிகரின் வெட்டுருவுக்குப் பாலூற்றுபவனை இவனோடு சேர்த்தெண்ணுதல் தவறு. பாலூற்றுபவன் முதல்நாள் விடியற்காட்சிக்கே வந்துவிடுவான். அவனுக்குப் படம் வேண்டுவதில்லை, நடிகரின் முகமொன்றே போதும். இவனோ பக்கத்து வீட்டானையும் உடன்வேலை செய்பவனையும் கேட்டறிந்து, கையிற் காசும் ஓய்வும் கூடும் நாளில் வருபவன். படம் முடிந்து வெளிவருங்கால் இவன் சொல்லும் கருத்து மூன்று நான்கு சொற்களைத் தாண்டாது. ‘ஒட்டவில்லை’ என்பான், ‘இழுக்கிறான்’ என்பான், ‘நம்மூரை அப்படியே காட்டியிருக்கிறான்’ என்பான். ஏளனஞ் செய்வோர் இச்சொற்களை ஒருமுறையேனும் நிறுத்துப் பார்த்தாரல்லர். ‘ஒட்டவில்லை’ என்னும் ஒரு சொல்லில் கதைக்கோப்பின் குறையும் நடிப்பின் பொய்ம்மையும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. திறனாய்வாளர் நான்கு பக்கம் எழுதி வந்துசேரும் இடமும் பெரும்பாலும் அதுவே.

இவன் சுவையைப் பழிப்போர் முதலிற் காட்டும் சான்று 1954-இல் வந்த ‘அந்த நாள்’. சு. பாலச்சந்தர் இயக்கிய அப்படத்தில் பாடலில்லை, ஆடலில்லை. நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் ஒருவன் கொலையுண்ட செய்தியைப் பலர் வாய்மொழியாகப் புலப்படுத்திய படம் அது. இரண்டாண்டுக்கு முன் ‘பராசக்தி’யில் உரையாடலைக் கேட்டுக் கையொலி எழுப்பியவன், அதே நடிகர் நடித்த இப்படத்திற்கு அவ்வாறு திரளவில்லை என்பது மெய்யே. பாட்டும் கூத்தும் இணைந்த நாடகமரபில் வளர்ந்தவனுக்குப் பாட்டில்லாப் படம் உப்பில்லாச் சோறாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் அவன் அங்கேயே நின்றுவிட்டானா?

1977-இல் பாரதிராசாவின் ‘16 வயதினிலே’ வந்தது. தலைவன் காலை இழுத்து இழுத்து நடப்பவன், வாய் நிறைய வெற்றிலை, அழகனுமல்லன், வீரனுமல்லன். அவனை மக்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினர். 1979-இல் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ வந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவிய அப்படத்தில் கதையை நடத்துபவன் மனைவியை வதைக்கும் கொடியவன். ஊரார் அவனை ஆற்றில் இறங்கச் செய்கின்றனர். தன் தீமை அவர்களையும் பற்றிக்கொண்டதைச் சொல்லிவிட்டு அவன் இறங்குகின்றான். கரையிற் பிள்ளைகள் நிற்கின்றனர். அங்கே சண்டையுமில்லை, முழக்கமுமில்லை. அம்முடிவை அக்காலத்து எளியவன் வாய்மூடி இருந்து பார்த்தான். படம் வெற்றி பெற்றது. சுவைக்கத் தெரியாதவன் செயலோ இது?

அதற்கு முந்தைய ஆண்டில் உருத்திரையா எடுத்த ‘அவள் அப்படித்தான்’ அவனை எட்டவில்லை. ஆண்கள் வகுத்த அளவுகோலுக்கு அடங்காத பெண்ணொருத்தியை அத்துணை நேர்மையுடன் காட்டிய தமிழ்ப்படம் அதற்குமுன் அரிது. அதனைக் காணாமற் போனது அவனுக்கு இழப்பே. ஆனால் அப்படத்தின் மாந்தர் நகரத்துப் படிப்பாளிகள். அவர்கள் பேச்சில் ஆங்கிலம் விரவிக் கிடந்தது. தன் மொழியிற் பேசாத படத்தைத் தன் படமாக அவன் கொள்ளவில்லை. பழியிற் பாதி எடுத்தவரைச் சாரும்.

மொழியென்றவுடன் மற்றொன்றும் சொல்லவேண்டியிருக்கின்றது. ஆங்கிலப் பெயரிட்டால்தான் மக்கள் வருவர் என்பது படமுதலாளிகளின் நெடுநாளைய பொய். 2006-இல் தமிழ்நாட்டரசு தமிழ்ப்பெயர் தாங்கிய படங்கட்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. உடனே பெயர்கள் தமிழாயின. ‘ரோபோ’ என்று பேசப்பட்டது 2010-இல் ‘எந்திரன்’ என வந்தது. அப்பெயர் விளங்கவில்லை என்று எவனேனும் சீட்டெடுக்காமல் திரும்பினானா? சிறு பிள்ளைகள் வாயிலெல்லாம் அச்சொல் வழங்கிற்று. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் விலக்கின் பயன் போயிற்று. ‘மாசுட்டர்’, ‘பீசுட்டு’, ‘செயிலர்’ என்று தமிழெழுத்தில் எழுதவே இடர்ப்படும் பெயர்கள் திரும்பி வந்தன. காசு கிடைத்தவரை தமிழ், பின்னர் ஆங்கிலம்! இப்பெயர்களை எளியவன் கேட்டதாக எங்கும் செய்தியில்லை.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) பாடலே இல்லாத படம். அலுவலகத்தில் வேலைசெய்யும் பெண்ணொருத்தி, வாடகை வீட்டைக் காலிசெய்யுமாறு நெருக்கப்பட்டுச் சொந்தமாக ஒரு வீடு கட்ட முனைகின்றாள். கடன், நகைவிற்பு, சிமிட்டித் திருட்டு, அலுவலரின் அலைக்கழிப்பு, இவ்வளவே கதை. கட்டிமுடியாத வீட்டைக் காண முதுமையில் தளர்ந்த பாட்டனார் தனியே செல்கின்றார். சொக்கலிங்க பாகவதர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும் இடம் ஒன்று போதும். இறுதியில் அம்மனை குடிநீர்த் துறையால் முன்னரே எடுத்துக்கொள்ளப்பட்டது என்னும் செய்தி இடிபோல் விழுகின்றது. கலைப்படம் என்று ஒதுக்கிவைக்கப்பெறும் இப்படத்தில், வீடு கட்டி அல்லற்பட்ட ஒருவனுக்கு விளங்காதது யாது? அவனுக்கு விளங்குமளவு அதற்கு விருது வழங்கியோர்க்கு விளங்கியிருக்குமோ என்பதே ஐயம். அத்தகு படத்தின் மூலச்சுருளும் அழிந்துபட்டதென இயக்குநரே பின்னாளில் வருந்தினார்.

2015-இல் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ இக்கேள்விக்கு நேர்விடையாக வந்தது. சென்னைக் குடிசைப்பகுதிச் சிறுவர் இருவர் பீட்சா தின்ன ஆசைப்படுகின்றனர். பெரிய நடிகர் எவருமிலர். கொட்டகை நிறைந்தது. கடைசியில் சிறுவர் அதனைத் தின்று பார்த்து, ஆயா சுட்ட தோசையே மேலென்று முகத்தைச் சுளிக்கும்போது அரங்கே சிரித்தது. வெளிநாட்டு வணிகம் ஏழைத் தெருவுக்குள் எவ்வாறு புகுகின்றது என்று எவரும் விரிவுரை ஆற்றாமலே அவன் விளங்கிக் கொண்டான்.

2024 ஆகத்து 23-ஆம் நாள் இரண்டு படங்கள் ஒருங்கே வெளிவந்தன. மாரி செல்வராசின் ‘வாழை’யில் பள்ளிச்சிறுவன் ஒருவன் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கின்றான், மக்கள் கண்ணீர் வடித்தனர், படம் ஓடிற்று. வினோத்ராசின் ‘கொட்டுக்காளி’யில் காதல்கொண்ட பெண்ணுக்குப் பேய்பிடித்ததென்று பூசாரியிடம் ஏற்றிச் செல்கின்றனர், பின்னணி இசை இல்லை, முடிவும் வெளிப்படச் சொல்லப்படவில்லை. ‘முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டானே’ என்பது பலர் முறையீடு. இதனையும் அறியாமை என்று தள்ளலாகாது. அப்பெண் என்ன ஆனாள் என்று கேட்பவன் அவள்மீது அக்கறை கொண்டவன் அல்லனோ?

அதே இயக்குநரின் ‘கூழாங்கல்’ 2021-இல் உரோட்டர்டாம் விழாவில் தலைமைப் பரிசு பெற்றது. வறண்ட நிலத்தில் தந்தையும் மகனும் நடக்கும் படம் அது. விடாய் தெரியாதிருக்க அச்சிறுவன் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கின்றான். நம் மக்களுக்கு அது 2023-இல் இணையவழியே கிடைத்தது. மதுரைச் சீமையின் வெயிலை ஒல்லாந்து நாட்டான் பெருந்திரையிற் கண்டான். மதுரைக்காரன் கைப்பேசியிற் கண்டான்! இதற்கும் மக்கள் சுவையா பொறுப்பு?

நோயின் வேர் இங்கேதான் உள்ளது. பெருநடிகர் படம் முதல் மூன்று நாளிலேயே எல்லா அரங்குகளையும் விழுங்கிப் பணத்தை அள்ளிக்கொள்கின்றது. சிறிய படத்திற்கு நண்பகற் காட்சி ஒன்று. அப்பொழுது எளியவன் வேலையில் இருப்பான். அதன் சிறப்பை அவன் செவிவழி அறிந்து புறப்படும் இரண்டாம் கிழமையில் படம் எடுக்கப்பட்டிருக்கும். வராதவன்மீது பழி! 2018-இல் இலெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யும் பெரும்பாலும் காற்றாடிகளின் நடுவே காவற்காரனாக அமர்ந்துவிட்ட அந்த நிலமிழந்தவனைப் போன்றோர் கண்ணிற் படாமலே அரங்கைவிட்டு நீங்கியது.

குறைந்த செலவிற் படமெடுப்போர்க்குத் தமிழ்நாட்டரசு உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. எடுத்த படத்தைக் காட்ட இடமின்றேல் அத்தொகை பெட்டிக்குள் முடங்கும். அண்டையிலுள்ள கேரளத்தில் 1975-இல் தோன்றிய மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, நிளா முதலிய அரங்குகளைத் தானே நடத்துகின்றது. இங்கும் மதுரை, கோவை, நெல்லை, திருச்சி என நான்கு நகரிலேனும் அரசரங்கு ஒவ்வொன்று திறக்கப்படல் வேண்டும். தேர்ந்த சிறுபடம் ஒவ்வொன்றும் அங்கு இரண்டு கிழமைக்குக் குறையாமல், மாலைக் காட்சியில் ஓடவேண்டும். நுழைவுக் கட்டணம், நால்வர் கொண்ட குடும்பத்திற்குப் பேருந்துச் செலவோடு சேர்த்தும், ஒரு நாட்கூலியிற் பாதியைத் தாண்டலாகாது.