திருச்சி - யாழ்ப்பாணம் 184 கி.மீ.தான்... அப்புறம் ஏன் ஒரு மணி நேர ஃப்ளைட்?

திருச்சியிலிருந்து கோவைக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரம்தான் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 184 கி.மீ. நடுவில் கடல் இருப்பதால்தான் வெளிநாட்டுப் பயணமாகப் பெரிதாகத் தெரிகிறது.

2025 மார்ச் 30-ல் இண்டிகோ இந்த ரூட்டில் நேரடி சேவையைத் தொடங்கியது. பறப்பது ஏடிஆர் ரக விமானம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகக்கூடியது. அப்படிக் கணக்குப் போட்டால் 22 நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் டிக்கெட்டில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் என்று இருக்கிறதே, ஏன்?

மீதி நேரம் எங்கே போகிறது?

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததும் கணக்குத் தொடங்கிவிடும். அங்கே போய் நின்ற பிறகுதான் முடியும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, அனுமதிக்காகக் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, காற்றின் திசை பார்த்து ஓடுபாதைக்கு நேராக வருவது எல்லாமே இதில் அடக்கம். தாமதமானால் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போடுவது வழக்கம்.

சென்னையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். சென்னை - யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ. தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பயண நேரம் ஒன்றேகால் மணிதான்! ஏறி இறங்குவதற்கான அந்த அரை மணி நேரம் இரண்டுக்கும் பொது.

ஜெட் விமானம் விட்டால்?

பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்கவே தொடங்கிவிடும். தவிர, யாழ்ப்பாணம் பலாலி ஓடுபாதை குட்டையானது. ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்கள்தான் வந்து போக முடியும்.

உண்மையான சிக்கல் சீட்டில்தான் இருக்கிறது. இண்டிகோ ஏடிஆரில் 78 பேர்தான் போகலாம். ஏ320 ஜெட் என்றால் சுமார் 180 பேர். திருவிழா, கல்யாண சீசன், அவசர மருத்துவப் பயணம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால், இந்த 78 சீட்டுக்குத்தான் போட்டி.

அப்படியும் இந்த சேவைக்கு ஏன் மவுசு? நேரடி விமானம் இல்லையென்றால், கொழும்பு போய் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம் வடக்கே வர வேண்டும். வயதானவர்களுக்கும் சிகிச்சைக்காகத் தமிழகம் வந்து திரும்புபவர்களுக்கும் மிச்சமாவது அந்த ஒரு பகல்தான்.

இது ஒன்றும் புது ரூட் இல்லை என்பது கூடுதல் தகவல். ஏர் சிலோன் 1947-லேயே பலாலி வழியாக சென்னைக்குப் பறந்திருக்கிறது. இடையில் நின்றுபோன இந்தியத் தொடர்பு, 2019-ல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகுதான் திரும்ப வந்தது.

கிளம்பும் முன் ஒரு விஷயம்... ஒரு மணி நேர ஃப்ளைட்தானே என்று கடைசி நேரத்தில் போய் நிற்க முடியாது. பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. இறங்கியதும் கைக்கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நேரம்தான்.